சுண்ணாம்புக்குள் இருந்த கவிஞர்

பதுளையில் தைக்காத் தெரு என்றால் எல்லோரும் அவ்லியாவின் ஸியாரத்துக்குத்தான் போவார்கள். நானும் லுணுகலையிலிருந்து வருடம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய், அந்தப் பெரியவரின் அடக்கத்தில் ஊதுபத்தி வைத்துவிட்டு வருகிறவள்தான். சவூதிக்குப் போன மகன் முழுசாகத் திரும்ப வேண்டும் என்று வைத்த நேர்த்தி. அவன் வந்து பதினோரு வருடமாகிறது; நான் நிறுத்தவில்லை.

கும்பிட்ட கையோடு பின்பக்கம் போவேன். அங்கே மாமரத்தடியில் இன்னொரு கல்லறை. வடக்கே எங்கிருந்தோ வந்து இங்கேயே கண்ணை மூடிய உருதுக் கவிஞர் அதற்குள் இருக்கிறார் என்பார்கள். அவரைத் தேடி ஈ காக்கை வராது. புஹாரி நானா மட்டும் இருப்பார்.

நானா கடைவீதியில் முப்பது வருடம் தையல்காரராக இருந்தவர். நானா என்றால் அண்ணன். இவர் என்னைவிட இளையவர், ஆனால் கடைக்காரர் எல்லோரும் எங்களுக்கு நானாதான், அதை இனி மாற்ற முடியாது. அவருடைய வாப்பா பராமரித்த கல்லறையை இப்போது இவர் பார்த்துக்கொள்கிறார். ஓதுவதற்கு அரபு தெரியும். உருது ஒரு சொல் தெரியாது. வருடாந்தக் கந்தூரி விழா வருமுன் கல்லுக்குச் சுண்ணாம்பு பூசி, தன் மெஷினிலேயே பச்சைப் போர்வை தைத்துப் போடுவார்.

“இடுப்பு இறுக்குது எண்டு திருப்பிக் கொண்டு வராத கஸ்டமர் இவர் ஒரு ஆள்தான் அக்கா,” என்பார்.

இந்த வருடம் போனபோது வாளிக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கந்தூரிக்கு வரும் வேன்களை நிறுத்த இடம் போதவில்லையாம். ஸியார நிர்வாகத்தில் இருக்கிற புவாத் ஹாஜியார், கவிஞர்தான் என்பதற்கு அத்தாட்சி இல்லையென்றால் கல்லை எடுத்துவிட்டுத் தரையைச் சமப்படுத்தலாம் என்றாராம். உருது படித்த ஸல்மா டீச்சர் தலைமாட்டுக் கல்லை வாசிக்க இன்றைக்குக் கண்டியிலிருந்து வருகிறாராம்.

“வாசிக்கட்டுமே. அதுக்கு ஏன் தலையில கை?”

“எத வாசிக்கிற அக்கா? பத்தொம்பது வருஷமா நான் பூசின சுண்ணாம்பையா?”

பார்த்தேன். கல் உரித்த முட்டை மாதிரி மழமழவென்று இருந்தது.

டீச்சரும் ஹாஜியாரும் வந்துவிட்டார்கள். நானாவின் மனைவி றஷீனா தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் கொண்டுவந்தாள்.

“எனக்கு வாணாம், இப்பதான் குடிச்ச,” என்றார் ஹாஜியார். றஷீனா காதில் வாங்காமல் கோப்பையைக் கையில் கொடுத்தாள். குடித்தார்.

டீச்சர் கல்லைத் தடவினார். “கத்தி வைக்க வேணாம். வினாகிரி இருக்கா?”

அச்சாறு ஊறப்போட வைத்திருந்த வினாகிரிப் போத்தல் வந்தது. நானா துணியில் நனைத்துத் துடைக்க, நான் ஈர்க்கால் நோண்டினேன். நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த விரல். எதை எடுப்பது, எதை விடுவது என்று அதற்குத் தெரியும். கல் நுரைத்தது. கவிஞர்மேல் அச்சாறு வாடை அடித்தது.

மத்தியானத்துக்குள் எழுத்து வெளியே வந்தது. டீச்சர் பெயரை வாசித்தார். கவிஞரேதான். நானா கண்ணைத் துடைத்தார், வினாகிரிக் கையால். அதனால் கொஞ்சம் அதிகமாகவே அழுதார்.

“கீழ ரெண்டு வரி கவிதையும் இருக்கு,” என்ற டீச்சரின் குரல் இறங்கியது. “‘வழிப்போக்கரே, எனக்காக நிற்காதீர். ஒரு முழத் துணியும் வேண்டாம், ஒரு சாண் இடமும் வேண்டாம்.’”

பத்தொன்பது போர்வை தைத்த மனுஷன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“உள்ளுக்கு இருக்கிறவரே இடம் வாணாம் எண்டுட்டார்,” என்றார் ஹாஜியார். “அவர்ட பேச்சத் தட்டலாமா?”

எனக்கு எழுத்துத் தெரியாது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளின் பேச்சுத் தெரியும்.

“ஹாஜியார், விருந்தாளி மொதல்ல வேணாம்னுதான் சொல்லுவாரு. கேட்டதுமே கைய நீட்டுவாங்களா? வெளியூர்லருந்து வந்த மனுஷன், மரியாதைக்குச் சொல்லியிருக்காரு.”

“இதென்ன கத? வாணாம் எண்டா வாணாம்தான்.”

நான் அவர் கையைப் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார். றஷீனாவும் பார்த்தாள். கையில் மூன்றாவது கோப்பை. அடியில் சீனி மட்டும். தொதல் தட்டும் காலி.

ஹாஜியார் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். “வேன் நிப்பாட்ட மைதானத்தக் கேட்டுப் பாக்கிறன்,” என்றார்.

அவர் போனதும் நானா அளவு நாடாவை எடுத்தார். இனிச் சுண்ணாம்பு எழுத்தில் படாதாம். போர்வையையும் எழுத்து மறையாதபடி தலைமாட்டில் வளைத்து வெட்டுவாராம்.

“இந்த வருஷம் கழுத்து வச்சுத் தைக்கிறன் அக்கா.”

“இறுக்காம வெட்டுங்க நானா,” என்றேன். “வேணாம் வேணாம்னு சொல்ற ஆளு, இறுக்குனாலும் வாயத் தொறக்க மாட்டாரு.”