யார் முதலில் வைப்பது?

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் ஆண்டுதோறும் ஒரு விளையாட்டு வைப்பேன். ஐந்து வல்லரசுகளாக நிற்கும் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு சாக்பீஸ், அதுதான் அணுகுண்டு. மற்றவர்கள் அதைத் தொடவே மாட்டோம் என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தும் போடாமல் சாக்பீஸையும் கையில் வைத்திருக்கும் இந்தியா எப்போதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

எல்லையில் சண்டை மூண்ட வாரத்தில்தானா அந்தப் பாடம் வந்து தொலைய வேண்டும்? என் தம்பி ராணுவத்தில், எல்லையில் இருந்தான். மூன்று நாளாக அவன் போன் அணைந்து கிடந்தது. ஜெயங்கொண்டத்தில் அம்மா டிவி முன்னாலிருந்து எழவில்லை. பஸ்ஸில் யார் போன் அடித்தாலும் என் பையைத் திறந்து பார்த்தேன்.

வகுப்பில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: இந்த ஒப்பந்தத்தை எப்படித் திருத்துவீர்கள்? உடையார்பாளையத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள்.

"அஞ்சு பேரு வச்சுக்கிட்டு மத்தவங்கள வேணாங்கறது நியாயமில்லீங்க மேம். எல்லாரும் ஒண்ணா மேசையில வச்சுரணும். நீங்களுந்தான்."

வகுப்பு சிரித்தது. நான் மூன்று வரை எண்ணினேன். ஒருவரும் வைக்கவில்லை. ஐந்து பேரும் அடுத்தவர் கையைப் பார்த்தார்கள், பிறகு என் கையைப் பார்த்தார்கள்.

"மேம், நீங்க மொதல்ல வைங்க" என்றாள் அந்தப் பெண்.

வெறும் சாக்பீஸ். ஆனாலும் கை திறக்கவில்லை. இதை வைத்துவிட்டால் தம்பிக்கு என்ன காவல் என்று நினைத்தேன். அந்தப் பக்கமும் ஒரு அக்கா இப்படியே கையை மூடிக்கொண்டு நின்றால் அவன் கதி என்ன என்றும் பயந்தேன்.

"வெளையாட்டு போதும், புத்தகத்த எடுங்க" என்று எரிந்து விழுந்தேன். அந்தப் பெண் முகம் சுண்டி உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் வரும்போது புது நம்பரிலிருந்து போன். "அக்கா, சண்ட நின்னுடுச்சு. நல்லாருக்கேன். அம்மாட்ட சொல்லிடு." அவ்வளவுதான் பேசினான். கல்லூரி வரும்வரை அழுதேன்.

வகுப்புக்குள் நுழைந்ததும் என் சாக்பீஸை மேசையில் வைத்தேன். முந்தின நாள் நான் திருப்பி வாங்காமல் விட்ட சாக்பீஸ்களை ஒவ்வொருவராக ஐந்து பேரும் வந்து வைத்தார்கள். "மேம்தான் மொதல்ல வச்சாங்க" என்று அந்தப் பெண் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். தம்பியின் போன் வராமல் இருந்திருந்தால் வைத்திருக்க மாட்டேன் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.