குறுவைக் கிளிப்பும் சம்பா ரப்பரும்

எங்கள் கடைத்தெருவில் ஐம்பதை ஒட்டிய வயதில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று என் மனைவி. ஒரத்தநாட்டில் விதைக்கடை வைத்திருப்பவன் வாயில் கம்பியோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா விடுமா? விதை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் என் வாயை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையைப் பார்ப்பார்கள்.

ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்த வாரம், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"கல்யாணம் அடுத்த வருஷம் கழிச்சு தையிலதானங்க? அதுக்குள்ள இந்த முன்பல்ல சரி பண்ணிக்கலாம்னு பாக்குறேன். எம் பொண்ணு கல்யாணத்துல ஒரு போட்டோலயாவது வாயத் தொறந்து சிரிச்சிடணும்."

அவளுடைய மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். கை போகாத இடங்களில் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கூச்ச சுபாவம் என்று நானாக முடிவு செய்துகொண்டு, இருபத்தாறு வருடம் நிம்மதியாகக் குடும்பம் நடத்தியிருந்தேன்.

தஞ்சாவூரில் பல்சீரமைப்பு டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண்தான். இவள் பல்லைப் பார்த்து முடித்துவிட்டு, சும்மா துணைக்கு வந்த என்னையும் நாற்காலியில் சாய்த்து, கீழ்ப்பற்கள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதால்தான் ஈறு வீங்குகிறது என்று சொல்லிவிட்டார். ஆடு அறுக்கப் போன இடத்தில் ஆளையும் பிடித்துக்கொண்ட கதை.

மேசைமேல் இரண்டு மாதிரிப் பல்வரிசைகள் இருந்தன. டாக்டர் பொறுமையாக விளக்கினார். "இது ரொம்ப நாளா இருக்கற முறை. பல்லுல ஒட்டியிருக்கற சின்னத் துண்டுல கம்பிய ஓடவிட்டு, ரப்பர் வளையத்தால கட்டிடுவோம். மாசா மாசம் வந்து ரப்பர மாத்திக்கணும். இன்னொண்ணுல ரப்பரே கிடையாது சார். அந்தத் துண்டுலயே குட்டியா ஒரு கதவு இருக்கு. கம்பிய உள்ள வச்சு மூடிட்டா அதுவே பிடிச்சுக்கும்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நம்ம வாய்க்கால் மதகின் ஷட்டர் மாதிரியே மேலும் கீழும் போய் வந்தது. எனக்குப் பிடித்துவிட்டது.

"அப்ப இது குறுவை, அது சம்பா. இது சீக்கிரம் அறுப்புக்கு வந்துடும், அப்படித்தானம்மா?"

"அப்படியில்ல சார். ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே காலம்தான். பல்லு எலும்புக்குள்ள நகரணும், எலும்பு எவ்வளவு வேகத்துல வழி விடுதோ அவ்வளவுதான். வலியிலயும் பெரிசா வித்தியாசம் இருக்காது. இந்தக் கதவு வச்ச கிளிப்புல நீங்க நாற்காலில உக்கார்ற நேரம் கொஞ்சம் குறையும். சில பேர கொஞ்சம் இடைவெளி விட்டும் வரச் சொல்லலாம்."

விதை விற்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் எத்தனை நாள் ரகம் என்றுதான் புத்தி போகும். டாக்டர் சொன்னது இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் வெளியேறியது. நான் கிளிப் கேட்டேன். அவள் ரப்பரே போதும் என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பந்தயம் கட்டினேன். "நான் அறுத்து, உளுந்தும் தெளிச்சிடுவேன். உனக்கு அப்பதான் கதிர் விடும்."

"பாப்பம் பாப்பம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் வாரம் இருவருக்கும் குழைந்த சாதமும் ரசமும்தான். வலியில் குறுவையும் இல்லை, சம்பாவும் இல்லை. அதன்பிறகு அவளுக்கு வேறொரு சங்கடம் வந்தது. கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று கண்ணாடி நிற ரப்பர் கேட்டு வாங்கியிருந்தாள். நம் வீட்டுச் சாம்பார் நாலே நாளில் அத்தனையையும் மஞ்சளாக்கிவிட்டது. அடுத்த மாதம், "மறைக்கவா முடியுது, இருக்கறது நல்லாத் தெரியட்டும்" என்று கத்தரிப்பூ நிறத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். அப்புறம் மாதா மாதம் அதே நிறம்தான். எனக்குக் கிண்டலடிக்க விஷயம் கிடைத்தது.

பந்தயத்தில் யார் ஜெயித்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள்தான், ஆறு வாரம் முன்னால். ஆனால் அதற்கும் ரப்பருக்கும் சம்பந்தமில்லை. பொங்கலன்று கரும்பைத் துண்டு போட்டுத் தின்னுங்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, கழியோடு கடித்து, பல்லில் ஒட்டியிருந்த கிளிப் இரண்டைப் பெயர்த்துக்கொண்டேன். நடவு வேலைகள் மும்முரமாக இருந்த சமயத்தில் டாக்டரிடம் போகவும் மூன்று தடவை தவறினேன். ரகம் நல்ல ரகம்தான், வயல்காரன் சரியில்லை.

இதற்கிடையில் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலை அமைந்து, தையில் வைத்திருந்த கல்யாணத்தை ஆவணிக்கு இழுத்துவிட்டார்கள். ஐந்து மாதம் முன்னால். செய்தி வந்த அன்று அவள் கண்ணாடி முன்னால் போய் உதட்டை விலக்கிப் பார்த்தாள். பல் முக்கால்வாசி நேராகியிருந்தது. ஆனால் அதன்மேல் கம்பியும் கத்தரிப்பூவும். எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த முறை தஞ்சாவூர் போனபோது நானே டாக்டரிடம் பேச்சை எடுத்தேன். "கல்யாணத்துக்கு மட்டும் இவளுக்குக் கழட்டி விட்டுட்டு அப்புறமா மாட்ட முடியாதாம்மா? கம்பியோட இருந்தா இவ போட்டோல சிரிக்கவே மாட்டா. பொறந்ததுலேர்ந்து வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா. அப்படி ஒரு கூச்சம்."

டாக்டர் அவளைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார். "அப்படியாம்மா? சின்ன வயசுலேர்ந்தா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அவள். "கல்யாணமாகி நாலாம் நாள்லேர்ந்து. இவங்க கூட்டாளிங்கல்லாம் வீட்டுக்கு வந்திருந்தாங்க. ஏதோ பேச்சுக்கு நானும் சேந்து சிரிச்சேன். 'பாத்தியாடா, பட்டுக்கோட்டை பஸ்ஸுல சீட்டுக்கு முண்டற மாதிரி ரெண்டு பல்லும் முண்டுது'ன்னு இவங்கதான் சொன்னாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

குரலில் கோபம் இல்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. ஆனால் நான் சொன்னதுதான் என்பதில் சந்தேகமே இல்லை, என் பேச்சு எனக்குத் தெரியாதா? அதைவிட வெட்கம், கேட்ட மாத்திரத்தில் நல்ல ஜோக்தான் என்று மனசுக்குள் ஒரு நொடி தோன்றிவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது அவளுடைய சிரிப்பு.

டாக்டர் பேச்சை மாற்றினார். பாதியில் கழற்றினால் நகர்ந்து வந்த பல் திரும்பிவிடும், கழற்ற வேண்டாம் என்றார். அவளும், "நான் கேக்கவே இல்லையே டாக்டர், இவங்கதான் கேட்டாங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து எங்கள் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். மாலை மாற்றும் படத்தில், தாலி கட்டிய பிறகு தோழிகளோடு நிற்கும் படத்தில், எல்லாவற்றிலும் பல் தெரியச் சிரிக்கிறாள். ஏறின பல் ஏறினபடியே இருக்கிறது, எவ்வளவு அழகாக இருக்கிறது! அதற்குப் பிறகு எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். காதுகுத்து, கிரகப்பிரவேசம், திருச்செந்தூர் போனது, ஒன்றில்கூட இல்லை. அடுப்படிக்குப் போய், "தப்புதான்" என்றேன். "சரி, அந்தத் தேங்காயத் துருவிக் குடுங்க" என்றாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. வரவேற்பில் என் பழைய கூட்டாளி ஒருவன் மேடை ஏறி வந்தான். அன்று வீட்டுக்கு வந்தவர்களில் அவனும் இருந்திருப்பான். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான். இவளைப் பார்த்ததும், "என்ன தங்கச்சி, பொண்ணுக்கு நகை போட்டது போக மிச்சத்த வாயில போட்டுட்டான் போலருக்கே மாப்ள?" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். எப்போதும் அடுத்த வெடி என்னுடையதுதானே. அதற்கு மேலான ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். அது எவ்வளவு கஷ்டமென்று என் ஜாதிக்காரர்களுக்குத்தான் தெரியும், அதாவது வாயாடிகளுக்கு.

அந்தச் சின்ன அமைதியில் அவளே பதில் சொன்னாள். "ஆமாண்ணே, உங்க மாப்ளக்கி வாயில கதவே போட்டாச்சு. அப்படியும் மூடல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கை இடுப்பில்தான் இருந்தது, மேலே வரவில்லை. கம்பி, கத்தரிப்பூ, நேராகியும் ஆகாமலும் இருந்த அந்த இரண்டு பல், எல்லாம் தெரிந்தது. போட்டோக்காரர் அதை எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறேன். அதில் கூட்டாளி சிரிக்கிறான், மகள் சிரிக்கிறாள், மாப்பிள்ளைகூடச் சிரிக்கிறார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கண் கலங்கியிருக்கிறது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பாவுக்கு அழுகை வராதா என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை.