நொட்டாங்கை அரிவாள்

பாண்டிராஜிடம் புதுச் சாமான் எதையும் நம்பிக் கொடுக்கக் கூடாது என்பது பரளச்சிப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடையில் வாங்கிய மண்வெட்டியைத் தூக்கிப் பார்ப்பார், வீசிப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார். மறுநாள் பார்த்தால் அதன் பிடி குட்டையாகியிருக்கும். மைத்துனன் கல்யாணத்துக்கு நரிக்குடி போனவர், தாலி கட்டுகிற நேரத்தில் சமையல்காரரின் கரண்டிக் காம்பு சரியில்லை என்று அடுப்படியில் உட்கார்ந்து அராவிக்கொண்டிருந்தார். மாமியார் வீட்டில் அந்தப் பேச்சை இன்னும் விட்டபாடில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் ஃபிட்டர். ஷிப்டு முடிந்து வந்தால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொட்டத்தில்தான் வாசம். கொட்டத்தில் பாதி ஆடுகளுக்கு, பாதி அவருக்கு. ஒரு பெஞ்ச் வைஸ், பழைய கிணற்று மோட்டாரில் மாட்டிய சாணைக்கல், உடைந்த வேனின் விசிறியைப் பொருத்திய கரி உலை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட அரங்கள். இடுப்பு வலிக்காரருக்கு நீளப் பிடி போட்ட களைக்கொத்தி, குட்டையானவருக்குச் சின்ன மண்வெட்டி என்று ஆளைப் பார்த்துச் செய்வார்.

“சட்டைய மட்டும் அளவெடுத்துத் தைக்கிறீக. மம்பட்டிக்கு மட்டும் அளவு வேண்டாமாக்கும்?” என்று வருகிறவர்களிடம் சண்டைக்கு நிற்பார்.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்குச் சோதனை வந்தது சொந்த வீட்டிலிருந்துதான். கார்த்திகை மழையில் அவர் மனைவி முனீஸ்வரி புல்லுக்கட்டோடு கண்மாய்க்கரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டு அவிழ்த்த பிறகு அந்தக் கையால் எதையும் பிடிக்க முடிந்தது, திருப்பத்தான் முடியவில்லை. மணிக்கட்டைத் திருப்பாமல் கதிர் அறுக்க முடியுமா?

முனீஸ்வரி குதிரைவாலி அறுப்பில் கெட்டிக்காரி. பெத்தம்மாள் சேர்த்துக்கொண்டு போகும் அறுப்புக் கூட்டத்தில் அவளுக்கென்று ஓர் இடம் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. தை மாதம் முதன்முதலாக இறங்கும் காட்டில் யார் வரிசையில் நிற்கிறார்களோ, அவர்களுக்குத்தான் அந்த வருசம் முழுக்க வரிசை. முதல் நாள் விட்டவளுக்கு அப்புறம் கொத்தமல்லி அறுப்புக்கும் அழைப்பு வராது, பருத்தி எடுப்புக்கும் வராது.

“இடது கையால அறுக்கிறேன். அதுக்குத் தக்கன ஒரு அருவா செஞ்சு குடுங்க” என்றாள் முனீஸ்வரி. “நான் வீட்டுல கெடந்தா செத்தே போயிருவேன்.”

இதைவிடச் சந்தோசமான வேலை பாண்டிராஜுக்கு ஏது? லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை எடுத்துக் காய்ச்சித் தட்டினார். சாதாரண அரிவாளை இடது கையில் பிடித்தால் பிடி தாழ்ந்து விரல் முட்டி தரையில் உரசும். அதனால் பிடியை மறுபக்கமாக வளைத்துத் தூக்கினார். உளியால் பல் வெட்டினார். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். வேப்பங்கட்டையில் அவள் உள்ளங்கைக்கு அளவாகப் பிடி போட்டார். கொட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதை அவர் திரும்பத் திரும்பக் காட்டியதில் ஆடுகளுக்கே சலித்துப்போயிருக்கும்.

பெத்தம்மாளின் சொந்தக் காட்டில் ஒரு மூலை முன்னதாகவே விளைந்திருந்தது. அங்கே சோதித்துப் பார்த்தார்கள். முனீஸ்வரி குனிந்து ஒரு பிடி பிடித்து இழுத்தாள். தட்டை அறுபடவில்லை, வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. குதிரைவாலிக் கதிரை ஓர் உலுக்கு உலுக்கினால் போதும், மணி பொலபொலவென்று கொட்டிவிடும். காலடியெல்லாம் தவசம்.

“அறுக்க வந்தியா, விதைக்க வந்தியா?” என்றாள் பெத்தம்மாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முனீஸ்வரி சிரிக்கவில்லை.

“ஏத்தா, கோவிச்சுக்கிறாத” என்று பெத்தம்மாள் குரலை இறக்கினாள். “நாளக் கழிச்சு மொதக் காடா ராமசுப்பு அண்ணன் காட்டுல எறங்கணும். இப்படித் தவசம் கொட்டுனா அவுக விடுவாகளா? சரிப்படலைன்னா, இன்னும் வரிசையில எடம் கெடைக்காத காளீஸ்வரியத்தான் ஒன் எடத்துல நிப்பாட்டணும்.”

பாண்டிராஜ் அரிவாளை வாங்கிக்கொண்டு போய் மறுபடி அராவினார். கொட்டத்தை ஒட்டி ஆட்டுக்காக விதைத்திருந்த சோளத்தட்டையில் அவள் போட்டுப் பார்த்தாள். பிடுங்கத்தான் செய்தது. இன்னும் அராவினார். அப்போதும் அப்படியே.

“ஒனக்குக் கை இன்னும் பழகல” என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது.

“எங்கைக்கா? எங்கைக்கு அறுக்கத் தெரியாதா?” முனீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் அரிவாளை அப்படியே குப்புறத் திருப்பிப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். சர்ரென்று தட்டை அறுந்து விழுந்தது. விரல் முட்டி தரையில் உரசித் தோல் வழன்றது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மறுபடி நேராகப் பிடித்தாள், பிடுங்கியது. திருப்பினாள், அறுத்தது.

“இங்க பாருங்க. பல்லு வானத்தப் பாத்தா அறுக்குது. மண்ணப் பாத்தாப் புடுங்குது.”

பாண்டிராஜ் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கொட்டத்து ஆணியில் தொங்கிய மற்ற அரிவாள்களைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தகட்டின் ஒரே பக்கத்தில்தான் பல், வலது கையில் பிடித்தால் மேலே பார்க்கிற பக்கம். இடது கைக்கென்று பிடியைத் திருப்பியவர், பல்லைத் திருப்ப மறந்திருந்தார். உளி பிடித்த கை, இத்தனை வருசப் பழக்கத்தில், அது பாட்டுக்குப் பழைய பக்கமே வெட்டியிருக்கிறது.

“பழகாதது எங்கைதான் புள்ள” என்றார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் விசயம் பிடிபட்ட சந்தோசத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. விரலில் மஞ்சளைப் பற்றுப்போட்டுக்கொண்டு அவளே உலை விசிறியைப் பார்த்துக்கொள்ள, புதிதாக ஒரு பட்டையை நெருப்பில் வைத்தார்.

ராமசுப்பு காட்டில் இறங்குகிற நாளன்று பாண்டிராஜ் ஷிப்டை மாற்றிக்கொண்டு வரப்பில் போய் நின்றார். முதல் பிடி சாமிக்கு. வரிசையில் நிற்கும் ஒவ்வொருத்தியும் ஒரு பிடி அறுத்துக் கொடுக்க, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிக் கிழக்கு மூலையில் சாத்துவார்கள். முழங்கை அடுத்தவள்மேல் இடிக்காமலிருக்க முனீஸ்வரி வரிசையின் இடது கோடியில் நின்றாள். அரிவாள் அவள் இடது கையில் இருப்பதை ராமசுப்பு பார்த்துவிட்டார்.

“ஏத்தா, சாமிக்குள்ளத நொட்டாங்கையால அறுக்கவா? ஆகாது. நீ ஒதுங்கி நில்லு. காளீஸ்வரி நிக்கட்டும்.”

சும்மா பார்க்க வந்திருந்த காளீஸ்வரி சங்கடத்தோடு ஓரடி முன்னால் வந்தாள். பல்லுக்கும் பிடிக்கும் பாண்டிராஜால் வழி செய்ய முடியும். இதற்கு என்ன செய்வார்?

முனீஸ்வரி நகரவில்லை. “மாமா, ஒண்ணு கேக்கேன். இவுக எல்லாரும் அருவாளச் சோத்தாங்கையில வச்சிருக்காக. கதிர எந்தக் கையில புடிப்பாக?”

ராமசுப்பு வரிசையைப் பார்த்தார். பெண்களும் தங்கள் இடது கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

“இத்தன வருசமா சாமிக்குள்ள கதிர நாங்க நொட்டாங்கையாலதான் புடிச்சுக் குடுத்திருக்கோம். இன்னைக்கித்தான் மாமா சோத்தாங்கையால புடிக்கப்போறேன். வேண்டாம்னா சொல்லுங்க, போயிர்றேன்.”

ராமசுப்பு தலைத்துண்டை அவிழ்த்து உதறினார், மறுபடி கட்டினார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அட, ஆமா! இத ஒருத்தரும் யோசிக்கலையே. சரித்தா, மொதப் பிடிய நீயே அறு.”

முனீஸ்வரி குனிந்தாள். முறிந்து சேர்ந்த வலது கை கதிரை அணைத்துப் பிடித்தது. இடது கை ஓர் இழுப்பு. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. பெத்தம்மாள் குனிந்து தரையைப் பார்த்தாள். ஒரு மணி கொட்டவில்லை. பாண்டிராஜ் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்வதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

காளீஸ்வரி பார்த்துவிட்டாள். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

“அண்ணே, எனக்குப் பெறவியிலேயே நொட்டாங்கைதான். சின்னதுல அடிச்சு மாத்திவிட்டுட்டாக. இன்னைக்கு வரைக்கும் இந்தச் சோத்தாங்கையில அருவா அடங்க மாட்டேங்குது. எனக்கும் இப்படி ஒண்ணு…”

“கைய நீட்டுத்தா, அளவு பாப்போம்” என்றார் பாண்டிராஜ்.

அவள் பழக்கதோசத்தில் வலது கையை நீட்டினாள். பிறகு அதை மடக்கிக்கொண்டு, மெல்ல இடது கையை விரித்துக் காட்டினாள்.

“பல்லு வானத்தப் பாக்கணும், மறந்துறாதீக!” என்று வரிசைக் கோடியிலிருந்து முனீஸ்வரியின் குரல் வந்தது.