எக்கிட்னாவும் இரண்டு தாள்களும்

எக்கிட்னா என்ற பெயரைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் பிராணி என்ன செய்யும், தப்பு என்னுடையது.

கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு, பெற்றோரில் ஒருவர் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு மிருகத்தைப் பற்றித் தமிழில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். அந்த மாதம் என் கணவரின் முறை. கைபேசியில் பார்த்த எக்கிட்னாவைப் பற்றித்தான் பேசுவேன் என்று பிடிவாதம். ஆஸ்திரேலியாவில் இருக்கும், உடம்பெல்லாம் முள், பல்லே இல்லாத பிராணி. நகத்தால் கறையான் புற்றைக் கிளறி, ஒட்டும் நாக்கை நீட்டி இழுத்து, அண்ணத்தில் வைத்து நசுக்கி விழுங்குமாம். ஆபத்து வந்தால் கடிக்காது. நின்ற இடத்திலேயே மண்ணைத் தோண்டி இறங்கிவிடும், வெளியே முள் மட்டும் தெரியும். எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

அவர் பர்மாவிலேயே, இன்சீன் என்ற ஊரில் வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க, அந்தத் தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதிக்கொண்டார். இங்கே பாதிப்பேர் பஜனைப் பாட்டுப் பாடுவதே அப்படித்தான். ஒரு வாரம் சமையலறையில் என் பின்னால் நின்று உரக்கப் படித்துப் பார்த்தார். எனக்குத்தான் மானம் போய்விடுமே என்ற கவலை. அத்தனை பேர் முன்னால் பர்மிய எழுத்துத் தாளைப் பிடித்துக்கொண்டா தமிழ் பேசுவது? எப்படியும் மனப்பாடம் ஆகியிருக்கும் என்று நினைத்து, கிளம்பும் முன் அவர் சட்டைப் பையில் இருந்த தாளை எடுத்துவிட்டு என் தமிழ்த் தாளை வைத்தேன். சும்மா கையில் இருக்கட்டுமே என்று.

மேடையில் தாளை விரித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மனப்பாடமெல்லாம் எங்கே போனதோ. "பல்லு இல்ல" என்று மட்டும் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள், முன் வரிசையில் எங்கள் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

திரும்பும்போது ரயிலில் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பேன். பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? ஏதாச்சும் சொல்லுங்க."

"நீ எழுதுனது நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான் படிக்கத் தெரியல."

அவர் என்னிடம் கடைசியாகப் பேசிய தமிழ் அதுதான். மூன்று மாதமாகிறது. சாப்பிட வாருங்கள் என்றாலும், கரண்ட் போய்விட்டது என்றாலும் பதில் மரியாதையாக வருகிறது, பர்மிய மொழியில். கெஞ்சியும் பார்த்தேன், சண்டைக்கு இழுத்தும் பார்த்தேன். ஆள் அசையவில்லை.

அன்று அவர் பையிலிருந்து நான் எடுத்து வைத்த தாள் இன்னும் பருப்பு டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. எனக்குப் பர்மிய எழுத்து நன்றாகவே தெரியும். நேற்று எடுத்து வாசித்தேன். ஒரு வார்த்தைகூடப் பிசகாமல் எழுதியிருந்தார்.