இரண்டாவது டிஸ்க்கின் முதல் வரிகள்

1974 ஜூன் 12, புதன்கிழமை. 5.10க்கு எழுந்தேன். தாம்பரத்தில் 6.50 ரயில். 7.25க்குக் குரோம்பேட்டை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் அறையின் ஏசியைப் போட்டு, வெப்பநிலையைக் குறித்தேன். 7.40க்கு இயந்திரம் எழுந்தது. அதன் மெமரியை இரண்டாகப் பிரித்திருந்தோம். ஒரு பாகம் தேர்வு மதிப்பெண்களைக் கூட்டும், மற்றது பட்டியல் அச்சிடும்.

பத்து மணிக்கு, டிஸ்க் சுழலும் இரண்டு டிரைவ்களில் முதலாவதில் உரசும் சத்தம் கேட்டது. மறுநாள் எட்டு மணிக்குப் பட்டியல்கள் அச்சாக வேண்டும். தாமதமானால் பிள்ளைகள் கல்லூரிக்கு மனுப் போட முடியாது. பழுது பார்ப்பவர் பம்பாயிலிருந்து வெள்ளிக்கிழமைதான் வருவார்.

"அதான் இரண்டாவது டிரைவ்ல நகல் இருக்கே" என்றேன், உடன் வேலை பார்த்த இரும்புலியூர்க்காரரிடம். தினமும் மாலை நானே எடுத்த நகல். ஆனால் ஆயுத பூஜையில் பொட்டு வைத்தது முதல் டிரைவுக்குத்தான். ராசியானது என்று எல்லோரும் அதிலிருந்தே தொடங்குவோம், நானும்தான். இரண்டாவதிலிருந்து ஒருநாளும் தொடங்கிப் பார்த்ததில்லை.

பகல் இரண்டு மணிக்கு இயந்திரத்தை நிறுத்தி, எந்த டிரைவிலிருந்து எழுவது என்று காட்டும் திருகியை இரண்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஒரு விளக்கு மட்டும் எரிந்தபடியே இருந்தது, இயந்திரம் எழவில்லை.

இரும்புலியூர்க்காரர் சிரித்தார். "இன்னா சார், தினமும் நோட்டுல டிக் போட்டீங்களே, மெஷின் அத்தப் படிக்கலியா?"

கையேட்டைப் புரட்டியபோதுதான் புரிந்தது. நான் கோப்புகளைத்தான் நகலெடுத்திருக்கிறேன். டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும், இயந்திரத்தை எழுப்பும் கட்டளைகள் அதில் சேரவில்லை. ஒழுங்காக லேபிள் ஒட்டிய எட்டு மாத நகல்கள், ஒன்றுக்கும் எழத் தெரியாது.

அந்தக் கட்டளைகளை இரண்டாவதில் எழுத, முதல் டிரைவ் இன்னும் ஒருமுறை எழுந்தாக வேண்டும்.

"பேஜார் சார், இப்ப அது எழாட்டி?"

"எழும். அழுத்துங்க."

உரசிக்கொண்டே எழுந்தது. கட்டளைகளை இரண்டாவது டிஸ்க்கில் எழுதி, முதல் டிரைவை அணைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும் அந்தச் சில வரிகள் அடுத்த வரிகளைக் கூப்பிட்டன, அவை இன்னும் பலவற்றை. விளக்குகள் வரிசையாக ஓடின. இரண்டு பாகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தயார் என்று தட்டச்சுப் பொறியில் தெரிவித்தன. அறை நிறைந்து நின்ற அத்தனை இரும்பும் அந்தச் சில வரிகளுக்காகக் காத்திருந்திருக்கிறது. எனக்குக் கை கூப்பத் தோன்றியது. நண்பர் அச்சுக்குத் தாளை மாட்டினார், இரவுக்குள் பட்டியல்கள் அச்சாகி முடிந்தன.

வியாழன் காலை 7.20. முதல் வேலையாகத் திருகி இரண்டில் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, பொத்தானை அழுத்தினேன்.