தள்ளிப்போட்ட வளைகாப்பு

சுனாமி அலை அடித்த மறுவருஷம் மரக்காணத்தில் வாடகை வீடு குதிரைக்கொம்பு. நிவாரண வேலைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் கேட்ட வாடகையைக் கொடுத்தார்கள். உப்பளத்துக்குப் போகிற எங்களை யார் சீந்துவார்கள்? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே வரிசையில் நாலு வீடு, நாலிலும் உப்பளத்துக் குடித்தனம். இடித்துவிட்டு மாடி கட்டப் போவதாகச் சொல்லி, வீட்டுக்கார அம்மா காலி பண்ணச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து நான் முழுகாமல் இருந்தேன். பிள்ளைத்தாச்சி குடியிருக்கும்போது எங்கள் பக்கம் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். வீட்டுக்கார அம்மாவும் இடிக்கிற பேச்சை விட்டார். "உன் வயிறுதான்டி நமக்கெல்லாம் பட்டா" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள்.

ஏழாம் மாசம் வளைகாப்பைத் தள்ளிப்போட்டோம். வளையல் போட்டால் பிரசவத்துக்கு இரும்பை கிராமத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயாக வேண்டும். நான் போய்விட்டால் இடிக்கத் தடையேது?

ஒன்பதாம் மாசம் வீட்டுக்கார அம்மாவே கண்ணாடி வளையலும் புளிசாதமுமாக வந்துவிட்டார். "தலைப்பிரசவம், வெறுங்கையோட இருக்கக்கூடாதும்மா" என்று சந்தனம் பூசி, ஒவ்வொன்றாக மாட்டினார். பாசம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். என்ன இருந்தாலும், தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. "நாளைக்கே இரும்பைக்குக் கெளம்பிடு, உங்கம்மா பாத்துப்பாங்க" என்றாரே பார்க்கணும்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் எங்கயும் போகலைங்க. இங்கயேதான் பெத்துக்குவேன்."

தடுத்தது அக்காதான். எனக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறியிருந்தது. "வாய மூடுடி. அங்கேர்ந்து பாண்டி ஆஸ்பத்திரி கிட்ட. வீடு போனா வேற வீடு. உனக்கு ஒன்னு ஆச்சுன்னா?" மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் என் துணிகளை மடித்துப் பையில் வைத்தார்கள். நான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

அந்த வாரமே நாலு வீட்டையும் இடித்துவிட்டார்கள். எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நன்றாக இருந்தோம். மூன்றாம் மாசம் என் வீட்டுக்காரர் உப்பளத்தோரம் ஒரு கொட்டகை பிடித்து எங்களை அழைத்து வந்தார். அக்காவுக்கு இன்னும் வீடு அமையவில்லை, தெரிந்தவர்கள் கடைக்குப் பின்னால் படுத்துக்கொள்கிறாள் என்று பஸ்ஸில்தான் சொன்னார்.

மரக்காணத்தில் பஸ் நின்றபோது கீழே அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"வூட்டு வாசல்ல சுத்தணும். வாசலுக்கு நான் எங்கடி போறது?" என்றாள். பஸ் படிக்கட்டில் நின்ற எங்களுக்கு அங்கேயே ஆரத்தி சுற்றி, குழந்தையின் நெற்றியில் பொட்டு வைத்தாள். அதுவரை கண்டக்டர் விசில் அடிக்கவில்லை.