மூன்றாவது டிவிடி

இருபது வருட நண்பனை நான் ஒரு டிவிடியால் இழந்தேன். சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்தவன் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தும் அந்தப் புத்தியைக் கழற்றி வைக்க மாட்டேன் என்பது மனைவியின் புகார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்றால், "வெர்னியர் வெச்சு அளந்தீங்களா?" என்று கேட்பாள்.

அந்த நண்பன் அதே ஷாப்பில் லேத் ஓட்டியவன். பூந்தமல்லிக்காரன். கம்பெனியில் எல்லாரும் அவனைப் பாய் என்று கூப்பிட்டார்கள். நான் மட்டும் மச்சான் என்பேன், அவனும் என்னை அப்படித்தான். இருபது வருடம் ஒரே பெஞ்சில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டிருக்கிறோம். பிறகு ஆர்டர் குறைந்து பத்துப் பேரை அனுப்பியபோது அந்தப் பத்தில் அவனும் ஒருவன், நான் தப்பித்தேன். அவன் யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டு முன்னறையில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட்டுத் தானாகவே கற்றுக்கொண்டு, ஒரே வருடத்தில் ரிப்பேர்க்காரன் ஆகிவிட்டான். வின்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் என்றால் அவனுக்கு உயிர். காசு கொடுத்து வாங்கவே வேண்டாத ஒரு பொருள் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுப் பேசிக்கொண்டே இருப்பான். தினமும் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ படத்தோடு என் போனுக்கு ஒரு காலை வணக்கம் அனுப்புவான். "வேற வேலையே இல்லியாடா உனக்கு?" என்று அதிலும் ஒரு குறை சொல்வேன்.

மகள் கல்லூரியில் சேர்ந்ததும் புரோகிராம் எழுதிப் பழக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். வீட்டில் இருந்தது பழசு. வின்டோஸ் ஊர்ந்து ஊர்ந்து ஒருநாள் படுத்தேவிட்டது.

"புச்சு எதுக்கு மச்சான்? உன் சிஸ்டம் நல்லாத்தான் கீது. லினக்ஸ் போட்டுடலாம், சும்மா பறக்கும்" என்றான் போனில். நானும் மகளிடம் ஞாயிற்றுக்கிழமைக்குள் தயாராகிவிடும் என்று பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

ஆயுத பூஜை முடிந்து வந்த முதல் ஞாயிறு அது. பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து ஆவடி வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருமுல்லைவாயிலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். என் சிஸ்டத்துக்குப் பென்டிரைவிலிருந்து பூட் ஆகும் வசதி இல்லை என்பதால் டிவிடியில் எழுதி எடுத்து வந்திருந்தான். உறையின் மேல் பேனாவால் 'மச்சான் ஊடு 1' என்று எழுதியிருந்தது. டிவிடியை உள்ளே தள்ளினோம். டிரைவ் மூன்று முறை உறுமியது, பிறகு அடங்கிவிட்டது. பூட் ஆக எந்த டிஸ்க்கும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. முதலில் டிவிடியைத்தான் பார்க்க வேண்டும் என்று செட்டிங்கில் சரியாகத்தான் வைத்திருந்தான்.

"என் ஊட்ல ஓடிச்சு மச்சான்."

"எல்லாரும் இதத்தான் சொல்றானுங்க" என்றேன். ஷாப்பில் பீஸை ரிஜெக்ட் செய்தால் ஒவ்வொரு ஆபரேட்டரும் சொல்கிற பதில் அதுதான்.

அவன் டிரைவின் தட்டை வெளியே வரவழைத்துக் கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "மச்சான், கடைக்குப் போயி ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் வாங்கினு வாயேன்" என்றான். வீட்டிலேயே ஒரு செட் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் கேட்டான். நின்ற இடத்திலிருந்தே மனைவிக்குக் குரல் கொடுத்தேன். ஒருவன் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது என் தொழில். அன்றும் அதைத்தான் செய்தேன்.

இரண்டாவது ஞாயிறு வேறு கம்பெனி டிவிடி கொண்டுவந்தான், 'மச்சான் ஊடு 2'. வேகத்தைக் குறைத்து நிதானமாக எழுதியது என்றான். டவுன்லோடு ஆன ஃபைல் முழுசாக வந்திருக்கிறதா என்றும் சரிபார்த்திருந்தான். அதே உறுமல், அதே வரி. "நீ போய்ச் சாப்டு மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு தடவை சொன்னான். நான் நகரவில்லை. உள்ளறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு மானம் போனது போல இருந்தது.

மூன்றாவது ஞாயிறு அவன் தோளில் ஒரு பெரிய பை. மூன்றாவது டிவிடியும் உறுமி அடங்கியது. அவன் எதையோ எடுக்கப் பைக்குள் கைவிட்டான். அதற்குள் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"தெரிஞ்சா செய்யி, இல்லேன்னா உட்டுடு. மூணு ஞாயித்துக்கெழம போச்சு. கம்பெனியில ஏன் உன்ன அனுப்பிச்சானுங்கன்னு இப்பத்தான் புரியுது."

சொன்ன உடனே என் வாயை நானே மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, அவன் என்ன பதில் சொல்கிறான் என்று பார்த்தேன். அவன் பையிலிருந்து வெறும் கையை எடுத்து ஜிப்பை இழுத்தான். மனைவி வைத்த டீயை நின்றபடியே முழுதும் குடித்தான். "வரேம்மா" என்று அவளிடம் சொன்னான். என்னைத் தாண்டிப் படியிறங்கிப் போனான். மூன்று டிவிடிகளும் மேசைமேல் கிடந்தன.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரோஜாப்பூ வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கோபம் தணிந்தால் தானாக வருவான் என்று நினைத்தேன். தப்பு செய்தவன் நான், வர வேண்டியவன் அவன் என்று கணக்குப் போட்ட என் திமிரை என்னவென்று சொல்வது! மகளுக்கு அவள் மாமா ஒரு பழைய லேப்டாப் கொடுத்தார். கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தது. ஒரு வருடம் போய்விட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து வைத்தோம். எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினின் நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தால் போதாது, அசைகிற ஒவ்வொரு பாகத்துக்கும் வைக்க வேண்டும். சக், டூல் போஸ்ட், கைப்பிடிச் சக்கரம் ஒன்றும் விடக்கூடாது. வைத்த பொட்டை யாரும் துடைக்கவும் கூடாது, வேலை செய்யச் செய்ய அது தானாகத் தேய்ந்து போக வேண்டும். வீட்டிலும் எனக்கு அதே பழக்கம்தான். மிக்ஸிக்கு, தையல் மெஷினுக்கு வைத்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தேன். அதில் அசைகிற பாகம் எது? கம்ப்யூட்டரை ஆன் செய்து டிவிடி டிரைவின் பட்டனை அழுத்தினேன். தட்டு வெளியே வந்தது. விரலில் சந்தனத்தோடு குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

போன வருடம் நான் வைத்த பொட்டு அங்கே இருந்தது, பாதிதான் இருந்தது. மீதிச் சந்தனம் காய்ந்து பொடியாகி, குங்குமத்தோடு உள்ளே உதிர்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். டிவிடியைப் படிக்கிற குட்டிக் கண்ணாடியின் மேல் செம்மஞ்சளாக ஒரு படலம். மூன்று ஞாயிறும் அந்தப் பொட்டு என் கண்ணில் பட்டதுதான். பொட்டை யார் குறையாகப் பார்ப்பார்கள்? குறை கண்டுபிடித்தே பிழைக்கிற என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

காதுக்கு வைத்திருந்த பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். மூன்றாவது டிவிடியை உள்ளே தள்ளினேன். ஒரே ஒரு உறுமல்தான். திரை நீலமாக மலர்ந்து, லினக்ஸை நிறுவலாமா என்று கேட்டது. நான் அழுதேன். பூஜைக்கு வாங்க என்று மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு பூந்தமல்லிக்குப் போனேன். முன்னறையில் அதே மேசை, அதே பிரித்துப்போட்ட பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் 'ஆவடி பார்ட்டி' என்பது போல வாடிக்கையாளரின் ஊர் எழுதிய சீட்டு. தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"வாங்க" என்றான். "உக்காருங்க."

இருபது வருடமாக 'வாடா மச்சான்' என்றவன். கன்னத்தில் அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. பொட்டு வைத்ததையும், துடைத்ததும் பூட் ஆனதையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தப்பு என்னுடையதுதான், நான் சொன்னது மகா பாவம், மன்னித்துவிடு என்றேன்.

"தெரியும்" என்றான். "மொத நாளே பாத்தேன்."

"பாத்தியா? அப்ப ஏன் சொல்லல?"

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "சாமிக்கு வெச்சது. உங்க ஊட்டுப் பொட்டாலதான் கெட்டுப் போச்சுன்னு நான் இன்னான்னு சொல்றது? நீங்க அந்தாண்ட போனா நைசா தொடைச்சு உட்டுடலாம்னு பாத்தேன். நீங்க நகரவே இல்ல. மூணாவது வாரம் வேற டிரைவே எடுத்துகினு வந்தேன். இது பழசாயிடுச்சுன்னு சொல்லி மாத்திடலாம்னு."

அந்தப் பெரிய பை நினைவுக்கு வந்தது. உள்ளே போன கையும், வெறுமனே வெளியே வந்த கையும் நினைவுக்கு வந்தன.

இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனை, 'மச்சான், பொட்டைத் தொடைடா' என்று ஒரு வார்த்தை சொல்லப் பயப்படும் இடத்தில் நான் வைத்திருந்திருக்கிறேன். கம்பெனி பூஜையில் மெஷினை எங்களைவிடச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டு, பொட்டு வைக்கும்போது ஒரு ஓரமாகப் போய் நிற்பான். பொரியை ஆசையாக வாங்கிக்கொண்டு போவான். ஏன் ஓரமாக நிற்கிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இதை அவனிடம் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லுடா" என்றேன்.

"அதெல்லாம் எப்பவோ உட்டாச்சு" என்று சிரித்தான். உள்ளிருந்து டீ வந்தது. மகள் எப்படிப் படிக்கிறாள், தங்கச்சி, அதாவது என் மனைவி, எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தான். கிளம்பும்போது, "அது பழைய வெர்ஷன். புச்சு வந்துகீது, எடுத்துனு போங்க" என்று ஒரு டிவிடியை உறையில் போட்டு, மேலே ஏதோ எழுதி நீட்டினான். எனக்கு மனசு லேசானது. எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். அதே கையெழுத்து. 'திருமுல்லைவாயில் பார்ட்டி' என்று எழுதியிருந்தான்.